நூற்றெண்பது நாள் திறக்காத கோப்புகள்

காலை ஒன்பது நாற்பதுக்கு மென்பொருளின் புதிய பதிப்பு ஏறி முடிந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி. மற்றபடி அன்று குறையேதும் இல்லை, ஐயா.

மருத்துவமனையின் கணினிச் சேமிப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். டிஸ்க் நிறைந்தால் திட்டுவார்கள். நிறையாவிட்டால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. புதிய பதிப்பை விற்க வந்தவர் கோட்டைக் கழற்றாமலே இரண்டு மணி நேரம் பேசினார். நூற்றெண்பது நாள் யாரும் திறக்காத கோப்பை மென்பொருளே கண்டுபிடிக்கும். உரிமையாளருக்கு மெயில் போடும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். பழைய நகல்களையும் சேர்த்தே துடைக்கும், அவ்வளவு கைசுத்தம். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரி சார்'. அன்றும் அவர் அதையேதான் சொன்னார்.

சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு கோப்புறை உண்டு. அதில் யார் பெயரில் கோப்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் தினமும் வரிசைப் பட்டியல் தயாராகும். கோப்பு இல்லாதவர் வரிசையில் இல்லை. என் அக்கா வீட்டுக்காரரின் ரத்தப் பிரிவில் நாற்பத்தோரு பேர். அத்தான் நாற்பத்தோராவது. சிறுநீரகம் வந்தால் டாக்டர்கள் முதல் இரண்டு பேரின் கோப்பைத்தான் திறப்பார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறவர்கள். காத்திருக்கிறவரின் கோப்பை யார் திறப்பார்கள்?

ஒத்திகை என்றும் ஒரு வசதி வந்திருந்தது. எவையெல்லாம் அழியும் என்று முன்கூட்டியே காட்டும். அமுக்கினேன். அந்த வரிசையில் முப்பத்தொன்பது. அத்தானும் இருந்தார். அவருடைய கோப்பைத் திறந்து மூடினேன். மறுபடி ஒத்திகை. முப்பத்தெட்டு.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு கோப்பைத் திறந்தேன்.

மெயில் முறைப்படி போயிற்று. கோப்புறையின் உரிமையாளர் தலைமை நர்ஸ். அவர் ஓய்வுபெற்று எட்டு மாதம். பெயரை மாற்றிவிடலாம் என்று மூன்று கூட்டங்களில் முடிவெடுத்தோம். பிஸ்கட் நன்றாக இருந்தது. மாற்ற வேண்டியவன் நான். ஏழு நாளும் பொறுமையாகக் காத்திருந்தேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சரி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிஸ்க்கில் அவ்வளவு இடம் மிச்சம். அந்த முப்பத்தெட்டும் அடைத்திருந்த இடம் ஒரு கல்யாண வீடியோவில் பாதிகூட வராது. அதை எதற்கு அவரிடம் சொல்ல வேண்டும்?

பதினோரு நாளில் ஒரு சிறுநீரகம் வந்தது. முதல் இருவருக்கும் பொருந்தவில்லை.

ஆறாவதாக இருந்த டீச்சர் கவுன்டரில் போய்க் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் பிரச்சினை என்று என் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"போன மாசம் ஆறாவதுன்னு சொன்னாங்க சார். இப்ப பேரே இல்லைங்கறாங்க. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இல்லை என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. புதிதாகப் பதிந்துகொள்ளச் சொன்னேன். புதிதாகப் பதிந்தால் கடைசி இடம் என்பதையும் சொன்னேன், நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான். அவரையும் சேர்த்து நான்கு பேர் இப்போது உயிரோடு இல்லை, எந்த வரிசையிலும் இல்லை.

யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்று குறித்து வைப்பதும் புதிய வசதிதானாம். கையேட்டில் இருபத்தாறாம் பக்கம். நான் இருபது வரை படித்திருந்தேன். அந்தக் குறிப்பு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தெரிந்துதான் செய்தேன். முப்பத்தெட்டு பேரின் பெயரையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் செய்தேன். அக்காவுக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

அத்தான் தேறிவிட்டார். நேற்றுப் போய்ப் பார்த்தேன். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அக்கா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. அவள் பாத்திரம் கழுவ உள்ளே போனதும் அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, எனக்கு முன்னாடி நாப்பது பேர் இருந்தாங்களே. அதுக்குள்ள எல்லாருக்கும் கெடைச்சிருச்சா?"