இரண்டு மணி நேரம் அசையாத புருவம்

காளிகாட்டில் மெட்ரோ ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண்ணின் மடியில் கிளாரினெட் பெட்டி இருந்தது. சாக்ஸபோன் பையுடன் வந்த பெரியவரிடம் தமிழில் சொன்னாள்.

"கச்சேரி முடியற வரைக்கும் ரெண்டு மணி நேரம் தேவையில்லாம புருவத்தை அசைக்கலை, மாமா."

"அசைச்சா ரொபின்தா ஏமாந்துடுவாரே. காது கேக்காத மனுஷன், உன் இடது புருவம் ஏறினா டிரம்பெட்ல சுருதியை ஏத்தறார், வலதுன்னா இறக்கறார்."

"இன்னிக்கு எப்படி வாசிச்சார்! இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா கேட்டதில்லைன்னு முன்வரிசையில ஒரு பெங்காலி அக்கா அழுதாங்க."

"அவர்கிட்ட சொன்னியா?"

"போன்ல டைப் பண்ணிக் காட்டினேன். 'பலமா கைதட்டினாங்களா?'ன்னு கேட்டார். தலையாட்டினேன்."

"அடுத்த மாசம் நீ பெங்களூர் போறதை?"

"அதையும் டைப் பண்ணினேன். காட்ட முடியலை. நான் போயிட்டா அவர் யார் முகத்தைப் பார்ப்பார், மாமா?"

பெரியவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் பழகிக்கறேன். பாரு, இது இடது."

இரண்டு புருவங்களும் சேர்ந்தே ஏறின.

"இன்னொரு தடவை, மாமா," என்றாள் அவள்.