முதலில் யார் பார்த்தது

ஜூலியா: ...வாசல்லயே நிக்காத தாரணி. உள்ள வாம்மா. நான் பாத்துக்கற மத்த பிள்ளைங்களை இன்னிக்கு அனுப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.

தாரணி: வேணாம்க்கா. குட்டியோட பையை மட்டும் குடுங்க. கீழ அஷ்வின் வண்டியோட நிக்கறான்.

ஜூலியா: தம்பியும் மேல வரலாமில்ல...

தாரணி: வர மாட்டான். இந்தப் படி ஏறினா உங்க இடுப்புல குட்டி இருப்பான்னு தோணுதாம்.

ஜூலியா: ஏசப்பா... அடக்கத்துக்கு வந்தப்பவும் உன் முகத்தைப் பாக்க முடியல என்னால. இந்தா. பால் பாட்டில், கிலுகிலுப்பை, ரெண்டு சட்டை. சட்டையைத் துவைச்சிட்டேன்.

தாரணி: துவைச்சிட்டீங்களா?

ஜூலியா: பால் கக்கியிருந்தாம்மா, அதான்...

தாரணி: அந்த வாசனை இருக்கும்னுதான் வந்தேன்.

ஜூலியா: ஐயோ, தெரியாம பண்ணிட்டேம்மா.

தாரணி: பரவால்ல விடுங்க. இது குட்டியைக் கையோட சேத்துச் சுத்துற துணிதானே? மடிப்பே கலையல. நான் இஸ்திரி போட்டுக் குடுத்தபடியே இருக்கு.

ஜூலியா: அது... வெக்கையா இருந்துச்சில்ல. சுத்தல.

தாரணி: வெக்கையா? மே மாசத்துலயே சுத்துனீங்க. "அக்கா சமோசா மடிக்கறாங்க"ன்னு அஷ்வின் கிண்டல் பண்ணுவானே.

ஜூலியா: தம்பி சுத்துனா மட்டும் என்னவாம்? தொட்டில்ல போடறதுக்குள்ள கை வெளிய வந்துடும். நான்தான் உக்கார வச்சு...

தாரணி: நல்லாவே கத்துக் குடுத்தீங்க. சனிக்கிழமை கை வெளிய வரவே இல்ல.

ஜூலியா: அப்படிச் சொல்லாதம்மா...

தாரணி: குத்திக் காட்டலக்கா. நான் குளிக்கப் போனேன். மத்தியானம் தூங்க வைக்கறேன்னு அவன்தான் சுத்திப் படுக்க வச்சான். "மல்லாக்கதானே வச்சேன், மல்லாக்கதானே வச்சேன்"னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கான். நான் வந்து பாக்கறப்போ குப்புற... மெத்தைல முகம் பதிஞ்சு...

ஜூலியா: போதும்மா.

தாரணி: டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "குழந்தை புரள ஆரம்பிச்சிருந்தானா? ஆரம்பிச்சா துணி சுத்தக் கூடாதே, கையை ஊனாம முகத்தைத் தூக்க முடியாதே"ன்னு. அதுலருந்து அஷ்வின் தூங்கல. நேத்து மொட்டை மாடிச் சுவத்து மேல ஏறி உக்காந்திருந்தான்.

ஜூலியா: ஐயோ!

தாரணி: கன்னடக்கார ஓனரம்மாதான் "ஏனாயித்து, என்னாச்சு"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்து இறக்குனாங்க. எனக்கு பயமா இருக்குக்கா. நீங்க கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்க குட்டி ஒரு தடவகூட புரளலன்னு. எங்க யாருக்கும் தெரியாதது உனக்கு எப்படிப்பா தெரியும்னு...

ஜூலியா: அதை மட்டும் கேக்காத.

தாரணி: ஏன்? உங்களை யாரும் ஒண்ணும்...

ஜூலியா: புரண்டான்! புதன்கிழமையே. இந்தப் பாய்லதான், பந்தைப் பாத்துக்கிட்டே கவுந்துட்டான். அதுக்கப்புறம்தான் நான் துணி சுத்தல.

தாரணி: எங்ககிட்ட சொல்லல.

ஜூலியா: எந்தப் பிள்ளையோட அம்மாகிட்டயும் சொல்றதில்லம்மா. முதல் பல்லு, முதல் அடி... எதையும். "நான் பாக்காம போயிட்டேனே"ன்னு வேலைக்குப் போற அம்மாங்க அழுவாங்க. வீட்ல நீங்களே பாத்துட்டு வந்து சொல்லுவீங்க. நானும் புதுசா கேக்கற மாதிரி கை தட்டுவேன். அப்படித்தான் இத்தனை வருஷமா...

தாரணி: துணி சுத்தாதன்னாவது...

ஜூலியா: ஏன்னு கேப்பியே! கேட்டா சொல்லணுமே! ரெண்டு நாள்ல நீயே பாத்துடுவேன்னு இருந்துட்டேன். பாவி நான். என்னை அடிச்சிடு தாரணி, போலீஸ்ல வேணா குடு...

தாரணி: கத்தாதீங்க. கீழ கேக்கும்.

ஜூலியா: கேக்கட்டும்! நானே போய் தம்பி கால்ல விழுந்து, எல்லாம் என்னாலதான்னு...

தாரணி: வேணாம்க்கா. நீங்க சொன்னா நானும் சொல்லணும்.

ஜூலியா: நீ என்னத்தச் சொல்லணும்?

தாரணி: வெள்ளிக்கிழமை காலைல என் கண்ணு முன்னாடியே புரண்டான்க்கா. அஷ்வின் சென்னைல இருந்தான். வந்து அவன்தான் முதல்ல பாக்கணும்னு நானும் வாயைத் திறக்கல... சனிக்கிழமை குளிச்சிட்டு வந்து, "இங்க உக்காரு, உன் பையன் என்ன பண்றான் பாரு"ன்னு காட்டலாம்னு இருந்தேன்.