நடுவுல வர்ற படங்கள்

அது தப்புங்க, மிசாவா ஐயா. போலீஸ் ரிப்போர்ட்டுல நீங்க போட்டிருக்கிற இந்தப் படம். படியில வழுக்கினவன் கையை இப்படி வெச்சுக்க மாட்டான். தெரியும், குசுமோட்டோ மாஸ்டர் கால் வழுக்கிச் செத்தார்னு கையெழுத்துப் போட்டா நான் இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். இருந்தாலும் தப்பு தப்புதானே? அந்தப் பென்சிலைக் கொடுங்க.

நாங்க பண்றது கையால வரையற சினிமா. ஒருத்தன் விழறான்னா, நிக்கிற படத்தையும் கிடக்கிற படத்தையும் மாஸ்டர் வரைவார். நடுவுல வர்ற பன்னெண்டையும் நான் வரையணும். பதினாலு வருஷமா இதுதான் வேலை. ஒரு கோடு பிசகினா மரஸ்கேல் விளிம்பால விரல்லயே போடுவார். இது மடங்காது பாருங்க. கன்னத்துல அறை விழுந்தா சதை எப்படி ஆடும்னு தெரியணும்னு, கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சு என்னை அறைஞ்சார். பார்த்தியான்னு கேட்டுட்டு இன்னொண்ணு. டோக்கியோவே கைதட்டின படம். உங்க பசங்களும் பார்த்தாங்களா? அந்தக் கன்னம் என்னோடதுங்க.

ஏன் விட்டுட்டுப் போகலையா? அவர் மாதிரி வரைய ஒருத்தனும் கிடையாது. அந்தக் கையை நான் கும்பிட்டேன்.

போன படத்துல ஒரு பொண்ணு படியில உருளுவா. அதுக்காக, இப்ப அவர் செத்த இதே படியில என்னை விழச் சொல்லிட்டு, கீழ பேப்பரோட நின்னார். நாலாவது தடவை மணிக்கட்டு உடைஞ்சு எலும்பு வெளிய வந்துடுச்சு. முகத்தை இந்தப் பக்கம் திருப்புன்னார். வரைஞ்சு முடிச்சுட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டார்.

நேத்து மத்தியானம், புதுப் படத்துக்கும் விழணும், இந்தத் தடவை மேல் படியிலேர்ந்துன்னார். எங்க நிக்கணும்னு காட்ட அவரே ஏறி வந்து, விளிம்புல நின்னார், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

வழுக்கறவன் எதையாவது பிடிக்கப் பார்ப்பான், கை விரியும். என்ன ஆச்சுன்னு தெரியறதுக்குள்ள விழறவன் கையில இருக்கிறதை இறுக்கிக்குவான். அவரே சொல்லிக் கொடுத்தது. அதைச் சரியா வரையறதுக்குள்ள எவ்வளவோ அடி வாங்கியிருக்கேன். நீங்க தூக்கறப்போ அவர் கையில பென்சில் அப்படியே இருந்துச்சுல்ல?

இந்தாங்க, கோடு கோடாத்தான் போட்டிருக்கேன், பன்னெண்டும் இருக்கு. முதல் ரெண்டுல மட்டும் அவர் முதுகுல என் கை ரெண்டும் இருக்கும், பாருங்க.