தளத்தின் சூடு

சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் மடியில் மட்டப்பலகையோடு ஒரு கட்டட மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் அவரிடம் கேட்டதைக் கேட்டுத்தான் நான் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தேன்.

“ஏனுங்க மேஸ்திரி, காங்கிரீட்டுக்கு உசுரு இருக்குதுங்களா?”

“ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?”

“பையனுக்குன்னு மாடி எடுத்தேன். தளம் போட்ட மறுநாள், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்தா கதகதன்னு இருந்துச்சுங்க. ஆளு படுத்து எந்திரிச்ச பாயாட்டம்.”

“அது சிமெண்டோட சூடுங்க. அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்தும் மணல் சத்தும் தண்ணியக் குடிச்சுத்தான் இறுகும்னு எங்க இன்ஜினியர் சொல்லுவாரு. காயுதுன்னு நாம சொல்றது தப்புங்க. அதுக்குத்தான் தளத்து மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தறது.”

“இருபத்தொரு நாள் நிறுத்தச் சொன்னாங்க. நான் மூணு மாசமா நிறுத்தறேன். இப்பத் தொட்டா சில்லுன்னு இருக்குது.”

“அந்தச் சூடு மொத ரெண்டு மூணு நாளைக்குத்தானுங்க. மறுக்கா வராது. பையன் எப்பங்க குடி வாராரு?”

“அவன் கனடாவுலயே ஊடு வாங்கிட்டானுங்க.”

மல்லூர் வந்ததும் பெரியவர் எழுந்தார். கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டார்.

“அடுத்த தளம் எங்கீங்க போடறீங்க? சொன்னீங்கன்னா, மறுநாள் காத்தால நானே வந்து தண்ணி கட்டறேன். கூலியெல்லாம் வேண்டாமுங்க.”