வெறும் தண்ணீர் நீலமான நாள்

வேளாண் வேதியியல் ஆய்வுக் கிளையின் முதுநிலை வேதியியலருக்குப் பணிநிறைவு நாளில் உடன் பணிபுரிவோர் உவந்தளிக்கும் மடல்

அமிலமும் அடங்கி நடக்கும் அம்மையீர்! குடுவைக்குள் குந்தியிருக்கும் குற்றத்தைக் குறிதவறாமல் பிடிக்கும் கூர்மதியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களைக் கேள்விகளால் மிரட்டியும் மிளிரவைத்தும் வந்த மேன்மையே! வணக்கம்.

ஒரு தராசு, இரண்டு அறை, ஒழுகும் குழாய் என்று தொடங்கிய நம் கிளையின் வரலாற்றைப் பொன்விழா மலர் புகழ்ந்து பாடுகிறது. அந்த மலர் தொடாத கதை ஒன்றை நாங்கள் சொல்லியே தீருவோம்.

நீங்கள் வேலைக்கு வந்து ஏழாவது மாதம். பணி இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊதா பாய்ந்த மக்காச்சோள இலைகளோடு ஒரு விவசாயி உள்ளே நுழைந்தார்.

"என் மண்ணைச் சோதிச்சு, மணிச்சத்து ஏராளம், உரமே வேண்டாம்னு சீட்டு குடுத்தீங்க. என் பயிருக்குப் படிக்கத் தெரியலை போல, வாடுது!"

அறை சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

கருவியைச் சந்தேகித்தீர்கள்; குற்றமில்லை. அமிலத்தைச் சந்தேகித்தீர்கள், அதுவும் யோக்கியம். கடைசியில் மண்ணே போடாமல், காய்ச்சி வடித்த நீரை மட்டும் குடுவையில் ஊற்றிச் சோதித்தீர்கள். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இருந்தால்தான் நீலமாகும் அந்தச் சோதனையில், வெறும் தண்ணீர் பளிச்சென்று நீலமானது! குற்றவாளி, குடுவை கழுவும் புது சோப்புத்தூள். அதிலிருந்த மணிச்சத்தைத்தான் பருவம் முழுக்க மண்ணின் பெருமையாகப் பறைசாற்றியிருந்தோம்.

அடுத்த விதைப்புக்குப் பன்னிரண்டே நாள். தவறான சீட்டை நம்பியிருந்தவர்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர்.

"தூளை மாத்திட்டாப் போச்சு, ஊரைக் கூட்டணுமா? முதல்ல உன் வேலை நிரந்தரமாகட்டும்மா" என்றார் மூத்தவர் ஒருவர். அவர் சொன்னதிலும் அன்பு இருந்தது. அதனால்தான் அது ஆபத்து.

எஞ்சியிருந்த மண்ணையெல்லாம் புதுக் குடுவைகளில் மறுபடி சோதித்தீர்கள். ஆறாம் நாள், உங்கள் பெயரிட்ட திருத்தச் சீட்டுகளைக் கிளைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு நின்றீர்கள். அவர் நிமிர்ந்தார்.

"இதுல உன் பேர் எதுக்கும்மா? அந்தத் தூளை வாங்கச் சொன்னவன் நான்ல?"

உங்கள் பெயரை அடித்துவிட்டு, இருநூற்றுப் பதினெட்டு முறை தம் கையெழுத்தைப் போட்டார். சீட்டுகள் விதைப்புக்கு முன் போய்ச் சேர்ந்தன. தவறை மறைக்காத கிளை என்ற பெயர் நமக்கு வந்தது அப்படித்தான்.

"சந்தேகம் வந்தா கூப்பிடுங்க, போன் இருக்கே" என்றீர்கள் இன்று காலை. கூப்பிடுவோம், அம்மா. நூறாண்டு கடந்தும் நல்ல உடம்போடு, நல்ல கோபத்தோடு, நீங்களே எடுத்துப் பேச வேண்டும்!

இவண்,
இன்னும் சந்தேகம் தீராத
கிளை ஊழியர்கள்