மடலில் வரும்

முகநூலை விட்ட பிறகு எனக்கு நல்ல தூக்கம் வருகிறது. பலருக்கும் இதைச் சிபாரிசு செய்திருக்கிறேன், உங்களுக்கும் செய்கிறேன், ஐயா. நேற்று பொலிஸ் ஸ்டேஷனில் என்னை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே போனை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தீர்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

நடந்ததை என் மொழியில், என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் நானே சிங்களத்திலும் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். அதுதானே என் தொழில். நீங்கள் அவசரமாகக் கையை ஆட்டி வேண்டாம் என்றீர்கள். கொஞ்சம் மனம் நோகத்தான் செய்தது.

என் பெயர் விஜேந்திரன். மாத்தளை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்புதல், சிங்களக் கடிதம் வந்தால் தமிழில் சொல்லிக் கொடுத்தல். இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் கவிஞன். பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே சின்னக்கல் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் உச்சிப் பகுதியை மேல்கணக்கு என்பார்கள். அங்கேதான் அந்த லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன.

மேல்கணக்கு ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஆரம்பித்தவன் நான். பிறந்தநாள், சாவு, சாமி படம், யாருடையவோ தொலைந்த செருப்பு, எல்லாம் அதில் வரும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையும் வரும். எச்சரிக்கை முதலில் சிங்களத்தில் வரும். தமிழில் பிறகு வரும், சில வேளை வெயில் எறித்த பிறகு வரும். தோட்டத்தில் சிங்களம் பேசாதவர் யாருமில்லை. ஆனால் அரசாங்கச் சிங்களத்தை வாசித்து விளங்கிக்கொள்ள ஆளில்லை. அதனால் நான் மொழிபெயர்த்துப் போடுவேன். "கோயில் மண்டபத்துக்குப் போங்க" என்று மூன்றே சொல். போவார்கள்.

சும்மா போகமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மண்டபத்துக்குப் போனால் அன்றைய பேர் விழாது, அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சு. ஒரு தரம் திரும்பி வந்து பார்த்தால் நான்கு வீட்டில் கேஸ் சிலிண்டரைக் காணவில்லை. அதனால் அவர்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். விஜி சொன்னால் போவது, சொல்லாவிட்டால் இருப்பது. மலையைப் பார்த்து, வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு இது பெருமை என்று நினைக்கிறீர்களா? இல்லை, ஐயா. என் மூன்று சொல்லுக்குக் கும்பிடு கும்பிடாகப் போடுகிற அதே ஜனம், நான் மூடுபனியைப் பற்றி உருகி எழுதிய கவிதையைக் கண்டுகொள்ளவே இல்லை.

கவிதையைப் போட்ட அன்றைக்கே மேல்கணக்கு அழகையா மாமா தன் ஆடு போட்ட குட்டியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். குரூப் முழுக்க இதயமாகக் கொட்டியது. என் கவிதைக்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் கை தவறிப் பட்டுவிட்டது என்று போட்டவரே அடுத்த நாள் சொன்னார். முகநூலிலும் இதே கதைதான். எனக்கு வயிறெரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆட்டோடு போட்டி போடவா நான் தமிழ் படித்தேன்?

அப்போதுதான் சேர்ந்தவர்களுக்கு ஈமெயிலில் வருகிற மின்மடல்கள் கண்ணில் பட்டன. உலகத்தில் நாகரிகமான மனிதர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. நோர்வேயில் ஒருவர் வாராவாரம் பனியைப் பற்றி எழுதுகிறார். பனி பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி பாசி வளர்க்கிறார். ஒரு மடல் முழுக்கப் பாசி. அடுத்த மடலிலும் அதே பாசி, கொஞ்சம் வளர்ந்திருந்தது. காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டி, இதையெல்லாம் வாசிப்பேன். உள்ளே ஏதோ கழுவிவிட்டது போல இருக்கும். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஓடுகிற திரை படைப்பாளியைத் தின்றுவிடும். ஆறுதலாக வாசி, ஆறுதலாக எழுது, ஒன்றில் கவனம் வை.

நானும் ஒரு மடல் தொடங்கினேன். பெயர் ‘ஈரக் கடிதங்கள்’. மலையகத்து மழை, மிளகுக் கொடி, என் தனிமை. டொராண்டோவில் நிரஞ்சனி என்று ஒரு வாசகி. வைத்தியர், பெரிய படிப்பு. ஒவ்வொரு மடலுக்கும் ஒரு பக்கம் பதில் எழுதுவார். "உங்கள் எழுத்தில் மழை நனைக்கிறது, ஆனால் இன்னும் ஆழமான ஒரு துயரத்தை நீங்கள் தொடவில்லை" என்று ஒரு தரம் எழுதினார். நியாயமான விமர்சனம். என்னை அது விடவே இல்லை. தொடுவதற்கு எனக்கு என்ன துயரம் இருந்தது, ஐயா? போட்டோகொப்பி மெஷினில் பேப்பர் சிக்குவதா?

கார்த்திகை பிறக்கும்போது மௌன மாதம் என்று அறிவித்தேன். ஒரு மாதம் முகநூல் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, அந்த அனுபவத்தை மடலில் எழுதுவேன் என்று வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்தேன். பாராட்டு வந்து குவிந்தது. தோட்டத்துக் குரூப்பையும் விட்டேன். பொறுப்பில்லாமல் விடவில்லை. இனிமேல் மழைச் செய்தியும் மடலில் வரும், இந்த இடத்தில் ஈமெயில் கொடுத்துச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று விளக்கமாக எழுதிவிட்டுத்தான் விட்டேன்.

விடுவதற்கு முன் அழகையா மாமாவின் மனைவி பாப்பம்மா அத்தையிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது.

"அடேய் விஜி, எனக்கு ஈமெயிலும் வேணாம் கீமெயிலும் வேணாம். மழ சேதிய மட்டும் வாயால சொல்லிட்டுப் போடா சாமி."

எழுத்தாளனிடம் வாயால் சொல்லச் சொல்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

மேல்கணக்கு முழுவதிலும் ஒரே ஒருத்திதான் மடலில் சேர்ந்தாள். கிருஷாந்தினி, முன்பள்ளி டீச்சர். நல்ல பிள்ளை. மடல் வந்தால் லயத்து வாசலில் நின்று எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். டவுனுக்கு வந்தபோது கடைக்கு வந்து சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதுறீங்கண்ணே. ஆனா மொதல்ல மழ வருமா வராதான்னு போட்டுட்டு அப்புறம் மத்தத எழுதுனா என்னா? நாங்க கடேசி வரைக்கும் தேடுறோம்."

சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

இனி அன்றைய நாள். இரவெல்லாம் அடித்த மழை காலையிலும் விடவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஸக்கரியா நானா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"விஜி, இங்க பாருங்க, ஒங்கட தோட்டத்துட பேரும் ஈக்குது. செவப்புல போட்டீக்கி. அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

வாசித்தேன். தெளிவான சிங்களம். சின்னக்கல் மேல்கணக்கில் இருக்கிறவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்றிருந்தது.

"இப்பதான் எழுதப் போறேன் நானா."

"எழுதுறதா? கோல் ஒன்டு எடுத்துச் சொல்லுங்களேன்."

சரி நானா என்று அவரை அனுப்பிவிட்டு, கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தோடு தொடங்கினேன். நல்ல தொடக்கம். வரிகள் தானாக வந்தன. அப்படி ஒரு காலை எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

மத்தியானம் கிருஷாந்தினி அழைத்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அண்ணே, சிங்களத்துல என்னமோ வந்திருக்கு, செவப்பா. தொரை பங்களாவுல ஆளில்ல. என்னா எழுதியிருக்கு?"

"மடல்ல வருது தங்கச்சி."

"மடல் இருக்கட்டும்ணே. போகணுமா, இருக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க. புள்ளைங்க எல்லாம் என்கிட்டதான் இருக்குதுங்க."

"அவசரப்படாதீங்க. வந்ததும் ஆறுதலா வாசிங்க. ஒங்களுக்கே வெளங்கும்."

யாரோ ஒரு பிள்ளையை உள்ளே போகச் சொன்னாள். பிறகு, "அப்ப பயமில்லதானேண்ணே?" என்றாள். நான் பதில் சொன்னேனா, அதற்குள் லைன் போய்விட்டதா என்று கேட்டீர்கள். லைன் இருந்தது. நான் சொல்லவில்லை. அவள் என் மௌனத்தைப் பயமில்லை என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

பின்னேரம் மலை இறங்கியது. மூன்று லயமும் முன்பள்ளியும் போயின. அழகையா மாமா ஆட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்ததால் தப்பினார். பாப்பம்மா அத்தையை மறுநாள் எடுத்தார்கள். கிருஷாந்தினியையும் பிள்ளைகளையும் அதற்கும் அடுத்த நாள். அவளைச் சுற்றித்தான் பிள்ளைகள் இருந்தார்களாம்.

செத்த வீட்டில் அழகையா மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஏன்டா விஜி, நீ ஒண்ணும் சொல்லலியேடா. நீ சொல்லலன்னுதானே இருந்தாங்க."

எனக்கும் அழுகை வந்தது. நான் ஒன்றும் கல்லில்லை.

மலை இறங்கிய அன்று மாலையே என் மடல் போயிருந்தது. இறந்தவர்களுக்கான இரங்கல் மடல். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். சென்னையிலிருந்து, லண்டனிலிருந்து, முகம் தெரியாத எத்தனையோ பேர் எழுதினார்கள். நிரஞ்சனி இந்த முறை ஒரு பக்கம் எழுதவில்லை. "தொட்டுவிட்டீர்கள்" என்று ஒரே ஒரு சொல். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்று வாயால் சொன்னதை இவ்வளவு விரிவாக எழுதித் தருவதற்குக் காரணம் வேறு. உங்கள் அறிக்கையில் ‘கவனயீனம்’ என்று எழுதியிருப்பதாக நேற்று சொன்னீர்கள். எச்சரிக்கையை அழகாக எழுதப் போய் நேரத்தைக் கோட்டைவிட்ட ஒரு பைத்தியக்கார எழுத்தாளன் என்று உங்கள் சார்ஜன்ட் சிரித்ததும் என் காதில் விழுந்தது. கொலைகாரன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கவனம் ஒன்றைத்தான், ஐயா, நான் இவ்வளவு நாளும் பழகினேன். அன்றைக்கு மாத்தளை மாவட்டத்திலேயே என்னைப் போலக் கவனமாக ஒரு வேலையைச் செய்தவன் இருந்திருக்க மாட்டான்.

இன்னொன்றும் என்னை அறுக்கிறது. அந்த இரங்கல் மடலைத் துயரத்தில் அரை மணித்தியாலத்தில் கொட்டியதாக எல்லாரும் நினைக்கிறார்கள். மலை இறங்கியதற்கும் மடல் போனதற்கும் இடையில் அவ்வளவுதான் நேரமாம். வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லலாமா? அரை மணித்தியாலத்தில் எழுதக்கூடியதா அது?

காலையிலேயே தொடங்கிவிட்டேன். ஸக்கரியா நானா அந்தப் பக்கம் போனதும் உட்கார்ந்தேன் என்றேனே, அப்போது எழுதியது இதைத்தான். எச்சரிக்கை என்று ஒரு வரியும் நான் எழுதவில்லை. எழுத நினைக்கவும் இல்லை. அந்தச் சிவப்பு அறிவித்தலை வாசித்தபோதே, நிரஞ்சனி கேட்ட துயரம் இதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் சொல்லாவிட்டால் அவர்கள் போகமாட்டார்கள் என்பதும் தெரியும். மலை இறங்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பீர்கள். அடுத்த மழைக்கு வைத்திருப்பேன். நல்ல எழுத்து கெட்டுப்போகாது.

மாலையில் ஒரே ஒரு திருத்தம்தான் செய்தேன். இறந்தவர்களில் அழகையா மாமாவையும் சேர்த்து எழுதியிருந்தேன், அவர் பிழைத்துக்கொண்டதாகப் போனில் சொன்னார்கள். அந்த வரியை எடுத்ததில் ஓசை கொஞ்சம் இடறுகிறது. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கிருஷாந்தினி அழைத்தபோது நான் அவளுடைய பத்தியில்தான் இருந்தேன். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அவள் கிடப்பதைப் பற்றிய பத்தி. அவள் குரலைக் கேட்டதும் கை நின்றது, உண்மை. போகணுமா, இருக்கலாமா என்று கேட்டாள். போங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பத்தியை அழிக்க வேண்டி வந்திருக்கும். யாரையாவது கொண்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஐயா. நீங்களும் அழித்திருக்க மாட்டீர்கள்.