சிவப்பு வளையம்

அம்பத்தூரில் கரண்ட் போகாத நாள் ஒன்றைச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. போனால் எங்கள் ஆய்வகத்தில் பம்பு நின்றுவிடும். பாடுபட்டுக் குளிர்வித்ததெல்லாம் சூடேறிப் பாழாகும். வருஷக்கணக்காக இதே கதை. அலுத்துவிட்டது.

நாங்கள் ஆராய்ந்தது சீரியம் கலந்த ஓர் உலோகம். அதற்குள் எலக்ட்ரான்கள் பல மடங்கு கனத்தவை போல நகரும். கடுங்குளிரில் ஒரு வெப்பநிலைக்குக் கீழே அதில் காந்த ஒழுங்கு பிறக்கும். உலோகத்தை அழுத்தினால் அந்த வெப்பநிலை ஏறும் என்று எண்பத்தைந்தில் எழுதியவன் நான். என்னை நாலு பேருக்குத் தெரியும் என்றால் வரைபடத்தில் மேலேறும் அந்த ஒரு கோட்டால்தான்.

ஜெயசீலி கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வரும் பெண். எனக்குக் கீழே ஆராய்ச்சி செய்தாள். நான் நிறுத்திய இடத்தையும் தாண்டி அழுத்திப் பார்த்தாள். கோடு இறங்கியது. தப்பாக அளந்திருப்பாய், திரும்பச் செய் என்றேன். திரும்பவும் இறங்கியது. யாருக்கும் தெரியாமல் நானே செய்து பார்த்தேன். இறங்கித் தொலைத்தது.

"சார், நீங்க சொன்னதும் சரிதான்," என்றாள். "மொதல்ல ஏறுது, அப்புறம் எறங்குது. உங்களுது மொத பாதி, என்னுது அடுத்த பாதி. சேர்ந்தே எழுதலாம் சார்."

பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பாதி என்றாள்.

உலோகத்தை ஒரு தடித்த செம்புக் கலவைக் கலத்துக்குள் வைத்து அழுத்துவோம். பலமுறை அழுத்திய கலம் உள்ளே விரிசல் விடும். அதன்மேல் சிவப்புப் பெயின்டில் வளையம் போட்டு ஒதுக்கிவிடுவது எங்கள் வழக்கம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை போட்டிருக்கும் வேம்புலி, தான் செய்த பழைய கலம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இத்த கடாசிடு சார். உள்ள விரிசல் உட்டுகினு கீது. இனிமே அமுக்குனா வெடிச்சிப்பூடும்," என்றான். வளையம் போட்டேன். கடாசவில்லை.

போன திங்கட்கிழமை தின்னர் தொட்டு அந்த வளையத்தைத் துடைத்தேன். கலத்தை அவள் மேசையில் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்து, காந்தம் முழுசாகப் போகிறதா பார்ப்போம் என்றேன்.

"தேங்க்ஸ் சார்," என்றாள்.

வளையம் இல்லாத கலத்தை எங்கள் இடத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அழுத்தும்போது இரும்புத் தகட்டுக்குப் பின்னால்தான் நிற்போம். ஆனால் கலத்தைக் குளிர்விக்க ஹீலியத்தில் இறக்குமுன் அதன் நட்டை இறுக்க வேண்டும். அதற்குத் தகட்டைத் தாண்டிக் குனிய வேண்டும். அவள் குனிந்தபோது நான் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மட்டமான கலம் செய்தான் என்று வேம்புலியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரன், விட்டுவிடுங்கள். அவளைக் கொன்றது நான்.

நேற்று இரண்டு பாதியையும் சேர்த்து வரைந்தேன். ஏறி, வளைந்து, இறங்குகிற ஒரே கோடு. கட்டுரை தயார். அவள் பெயரையும் போட்டிருக்கிறேன், இரண்டாவதாக. அடுத்தவர் உழைப்பைத் திருடுகிற ஆள் நான் இல்லை, ஐயா.